மாந்தோப்பின் ஊடே ஒரு குழாய்

பெங்களூரிலிருந்து தெற்கே வருகிற பிரயாணிக்கு அத்திப்பள்ளியைக் கடந்ததும் கன்னட எழுத்துப் பலகைகள் விடைகொடுக்கின்றன. ஜூஜூவாடியில் தமிழ் எழுத்து எதிர்கொள்கிறது. எழுத்து மாறுகிறதே தவிர மண்ணின் நிறம் மாறுவதில்லை. அதே செம்மண், அதே பாறைக் குன்றுகள், அதே கேழ்வரகுக் கொல்லைகள். ஓசூர்ச் சந்தையில் சற்று நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளும் காதில் விழும். ஒரே மனிதர் காய்கறிக்காரரிடம் தெலுங்கிலும், பஸ் நடத்துநரிடம் தமிழிலும், சம்பந்தி வீட்டாரிடம் கன்னடத்திலும் பேசுவதை இங்கே நாள்தோறும் காணலாம். மாநில எல்லை என்பது வரைபடத்தில் உள்ள கோடு. மக்களின் வாழ்வில் அது அவ்வளவு அழுத்தமாக விழவில்லை.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் அமைந்திருப்பதால் ஓசூரில் கோடையிலும் மாலைக் காற்று இதமாகவே இருக்கும். குன்றின் மேல் சந்திரசூடேசுவரர் ஆலயம் நகரைப் பார்த்தபடி நிற்கிறது. அருகிலுள்ள தொரப்பள்ளியில்தான் 1878-ஆம் ஆண்டில் இராஜாஜி பிறந்தார். மத்திகிரியில் கும்பெனியார் காலத்திலேயே, 1824-இல், கால்நடைப் பண்ணை தோன்றியது. அந்நாளில் இவ்வூர் குதிரைக்கும் மாட்டுக்கும் தோட்டக்காய்க்கும் பேர்போன ஒரு சிற்றூர். 1970-களில் சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்ததும் ஊரின் முகமே மாறிற்று. அசோக் லேலண்டின் லாரிகள், டி.வி.எஸ். நிறுவனத்தின் இருசக்கர வண்டிகள், டைட்டன் கைக்கடிகாரங்கள் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக இம்மண்ணிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் சென்றன. 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019-இல் ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது.

எல்லைக் கோட்டை மதிக்காதவை சில உண்டு. தென்பெண்ணையாறு அவற்றுள் ஒன்று. கருநாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, கொடியாளம் அருகே தமிழகத்தில் நுழைந்து, கெலவரப்பள்ளி அணையில் வந்து தங்குகிறது. பெங்களூரின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் அதனோடு கலந்து வருவதால், அணையின் மதகு திறக்கும் நாட்களில் வெண்ணுரை மலைபோல் எழுந்து காற்றில் பறந்ததை நாம் கண்டிருக்கிறோம். ஓரிடத்தில் செய்யப்படும் காரியத்தின் பலனை வேறோர் இடத்தில் வாழ்கிறவர்கள் சுமக்க நேர்கிறது என்பதற்கு அந்த நுரையே சாட்சி. அதுபோலவே எல்லைகளைக் கடந்து வந்த இன்னொன்றைப் பற்றியே இக்கட்டுரையில் வாசகர்களோடு உரையாட விரும்புகிறேன். அது ஓர் எரிவாயுக் குழாய்.

தகப்பன் நிலத்தில், மகன் ஆலையில்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பெருஞ்சாலையில் பஸ் ஒரு மணி நேரத்தில் கொண்டுசேர்த்துவிடும். ஆனால் அவசரமின்றி, இடையிடையே இறங்கிச் செல்கிறவனுக்கே இச்சீமை தன்னைக் காட்டும். சூளகிரியில் மலையடிவாரத்தை ஒட்டிக் கொத்தமல்லிக் கட்டுகள் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் சந்தை. தெற்கே இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி. வழியெங்கும் வலைக்கூடாரங்களுக்குள் ரோஜாத் தோட்டங்கள். கிருஷ்ணகிரியை நெருங்க நெருங்க, இருபுறமும் மாந்தோப்புகள். இங்கு ‘பெங்களூரா’ என்று வழங்கும் கிளிமூக்கு மாங்காய்கள் கூழ் ஆலைகளுக்குச் சென்று, டப்பாக்களில் அடைபட்டுக் கடல் கடந்து போகின்றன. நகரின் தலைமேல் கோட்டைக் குன்று. சற்றுத் தொலைவில் தென்பெண்ணையின் குறுக்கே 1950-களில் கட்டிய கிருஷ்ணகிரி அணை.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களை நன்கு அறிந்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருப்பார்கள். தகப்பனார் அதிகாலையில் மாந்தோப்புக்குப் போகிறார். மகன் அதே நேரத்தில் ஆலைப் பஸ்ஸுக்காகச் சாலையோரத்தில் நிற்கிறான். மகள் கடிகாரத்துக்கோ கைப்பேசிக்கோ உறுப்புகளைப் பொருத்தும் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் ஒரே இலைவரிசையில் அமர்ந்து உண்கிறார்கள். ஆகவே ‘ஆலையா, நிலமா’ என்ற கேள்வி மேடைப் பேச்சாளருக்கு எளிதாக இருக்கலாம். இந்த வீடுகளுக்கு எளிதன்று. ஆலை எரிவதற்கு எரிபொருள் வேண்டும். நிலம் விளைவதற்கு உழவன் வேண்டும். ஒரே குடும்பத்தின் இரு கைகளும் இவ்விரண்டிலும் இருக்கின்றன.

இதை முன்னமே சொல்லிவிடுவது அவசியம். ஏனெனில் எரிவாயுக் குழாயை எதிர்த்தவர்களை ‘வளர்ச்சிக்கு விரோதிகள்’ என்று பலர் சொன்னார்கள். அவர்கள் கேட்டது எரிவாயு வேண்டாம் என்பதன்று. விளைநிலத்தின் நடுவே வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்பதே அவர்களுடைய கோரிக்கை.

பட்டா பிறந்த மண்

கிருஷ்ணகிரிக்கு முன்னாளில் வேறொரு பெயர் உண்டு: பாராமகால். திப்பு சுல்தானோடு நடந்த போரின் முடிவில், 1792-இல், இச்சீமை கும்பெனியார் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாந்தர் ரீடு என்பவர் வரி விதிப்புக்குப் பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. இடையில் ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ இல்லாமல், ஒவ்வொரு குடியானவனின் நிலத்தையும் அளந்து, அவனோடு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் முறையை இவ்விருவரும் இங்கேதான் முதன்முதலாக விரிவாகச் செய்துபார்த்தனர். அதுவே பிற்பாடு இரயத்துவாரி என்று பெயர்பெற்று, மன்றோ சென்னை ஆளுநராயிருந்த 1820-களில் மாகாணமெங்கும் பரவிற்று.

கும்பெனியார் தம் வருமானத்துக்காகவே இதைச் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. வரிச்சுமையும் கடுமையாகவே இருந்தது. எனினும் ஓர் ஏழைக் குடியானவனின் பெயர் அரசாங்கக் கணக்கில் ஏறியது. இத்தனையாம் எண் நிலம் இன்னாருடையது என்று எழுதிக் கொடுத்த தாள் அவன் பெட்டியில் வந்து சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தத் தாளை மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக் காத்த வீடுகள் இங்கே ஏராளம். பெண்ணுக்குக் கலியாணம் என்றால் அந்தத் தாள் வெளியே வரும். மகன் படிப்புக்கு வங்கிக் கடன் என்றால் அந்தத் தாள் வெளியே வரும்.

சூளகிரிக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடையில் நான் சந்தித்த பெரியவர் இதையே தம் பாணியில் சொன்னார். “பெரியவரே, நிலத்தை எடுத்துக்கொள்ளவில்லையே, குழாய் மட்டும்தானே போகிறது?” என்று வேண்டுமென்றே கேட்டேன். அவர் தேநீர்க் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, “சாமி, பட்டா என் பேர்லதான் இருக்குதுங்க. ஆனா அதுல ஒரு மாஞ்செடி வைக்கணும்னா எனக்கு உரிமை இல்லீங்க. அப்புறம் அந்தப் பட்டா எதுக்குங்க?” என்றார். சட்டப் புத்தகம் பல பக்கங்களில் சொல்லுவதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

அவர் சொன்னது உண்மைதானா என்று பார்ப்போம். பெட்ரோலியக் குழாய்களுக்காக 1962-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நிலத்தை விலைக்கு வாங்காமல், அதைப் ‘பயன்படுத்தும் உரிமையை’ மட்டும் எடுத்துக்கொள்வதற்கு அது வழி செய்கிறது. முதலில் மத்திய அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். அன்றிலிருந்து 21 நாட்களுக்குள் நிலத்தில் அக்கறை உள்ள எவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்; அதிகாரி அவரை விசாரிக்க வேண்டும். அதன்பின் இறுதி அறிவிப்பு வெளியானால் உரிமை கைமாறிவிடும். குழாய் புதைத்து மண் மூடிய பிறகு உழவர் மேலே பயிர் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது; கிணறோ குளமோ வெட்டக் கூடாது; மரம் நடக் கூடாது.

நட்டஈடு இரு வகை. வெட்டப்படும் மரத்துக்கும் அழியும் பயிருக்கும் ஒரு தொகை. பயன்படுத்தும் உரிமைக்கு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. தொகை போதாது என்று நினைப்பவர் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

காகிதத்தில் இது நியாயம்போல் தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். குழாய்க்காகக் கேட்கப்பட்ட பட்டையின் அகலம் 20 மீட்டர். ஒரு குடியானவருக்கு ஒரே ஏக்கர் நிலம், அதுவும் சதுரமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 64 மீட்டர். நடுவே 20 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை போனால் 31 சென்ட் அதற்குள் அகப்படும். ஏக்கருக்கு 40 மாமரம் வைத்திருந்தால் 12 மரம் போயிற்று. மறுபடி அங்கே மரம் வைக்க முடியாது. ஏக்கர் விலை 10 இலட்சம் ரூபாய் என்றால் 31 சென்டின் மதிப்பு 3,10,000 ரூபாய். அதில் 10 விழுக்காடு 31,000 ரூபாய். ஒட்டு மாங்கன்று காய்ப்புக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். வந்தபின் ஒரு தலைமுறைக்கும் மேல் சோறு போடும். அந்தத் தலைமுறைச் சோற்றுக்கு ஈடாக ஒருமுறை தரப்படும் தொகை இது. எஞ்சிய இரண்டு துண்டு நிலத்தையும் வாங்க வருகிறவர் குழாயைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துக் கேட்பார் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நூறு ஏக்கர் உள்ளவருக்கு 20 மீட்டர் ஒரு கீறல். ஒரு ஏக்கர் உள்ளவருக்கு அது வயிற்றில் விழும் வெட்டு. சட்டமோ இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறது.

ஏழு மாவட்டம் ஒன்றானது

இனி வரலாற்றுக்கு வருவோம். கொச்சித் துறைமுகத்தில் இறங்கும் திரவ எரிவாயுவைப் பெங்களூருக்கும் மங்களூருக்கும் கொண்டுசெல்ல, 1984-இல் தோன்றிய அரசு நிறுவனமான கெயில், 800 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள குழாய்த் திட்டம் ஒன்றை வகுத்தது. கேரளத்தின் கூற்றநாட்டிலிருந்து பெங்களூருக்குப் பிரியும் கிளை தமிழகத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்கள் வழியே ஏறக்குறைய 310 கிலோமீட்டர் செல்ல வேண்டும். இக்கிளையின் கடைசி மாவட்டம் நம் கிருஷ்ணகிரி.

இயற்கை எரிவாயு நிலக்கரியைவிடவும் டீசலைவிடவும் தூய்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. நாட்டுக்கு அது வேண்டும். ஆனால் அளவுக்கல்லும் கொடியுமாக ஆட்கள் கொல்லையில் வந்து நின்ற பிறகே பல குடியானவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அரசிதழை யார் படிக்கிறார்கள்? 21 நாட்கள் எப்போது தொடங்கி எப்போது முடிந்தன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தனித்தனியே மனுக் கொடுத்தவர்கள் பதில் காணாமல் திரும்பினர். ஆகவே ஊர் ஊராகக் கூடினர். விவசாயிகள் சங்கங்கள் முன்னின்றன. பல கட்சியினரும் துணைநின்றனர். கொங்கு நாட்டுக் குடியானவருக்கு இது புதிய பழக்கமன்று. 1970-களின் தொடக்கத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு அவர்கள் உழவரைத் திரட்டியதையும், 1972-இல் மாட்டு வண்டிகள் கோவை நகரத்துச் சாலைகளை நிறைத்ததையும் மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தகப்பன்மார் மின்சாரத்துக்காகக் கூடியதுபோல் பிள்ளைகள் நிலத்துக்காகக் கூடினர். மறியல் செய்தவர்கள் கைதாயினர், மீண்டும் கூடினர்.

2013 மார்ச்சு மாதத்தில் ஒரு முக்கியமான நிகழ்ச்சி நடந்தது. ஏழு மாவட்டத்துக் குடியானவர்களையும் கோவைக்கு அழைத்து, அரசின் தலைமைச் செயலாளர் மூன்று நாட்கள் அவர்களுடைய குறைகளைக் கேட்டார். வயலில் நின்று பேசியதை அரசாங்கத்தின் முன் அமர்ந்து பேசினர். அதே மாதம் 25-ஆம் நாள் முதலமைச்சர் ஜெயலலிதா சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்புச் செய்தார். விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகக் குழாய் பதிக்க வேண்டும். ஏற்கெனவே தோண்டிய நிலத்தைச் சீர்செய்து கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏப்ரல் 2-இல் அரசாணையும் பிறந்தது. ஊர்களில் அன்று இனிப்பு வழங்காத வீடு குறைவு.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கெயில் நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்றது. 2013 நவம்பர் 25-இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை நீக்கிற்று. மத்திய சட்டத்தின்படி நடக்கும் பணியை மாநில அரசு இவ்வாறு தடுக்க இயலாது என்பதே தீர்ப்பின் கருத்து. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2016 பிப்ரவரி 2-ஆம் நாள் அங்கும் குடியானவர் தரப்புத் தோற்றது.

இதற்கிடையில், 2014 சூன் 27-ஆம் நாள், ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்னும் ஊரில் இதே நிறுவனத்தின் குழாய் வெடித்து, விடியற்காலையில் உறங்கிக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழாய் பத்திரமானது என்று சொல்லிவந்தவர்களின் வாயை அந்தத் தீ அடைத்தது. ஏழு மாவட்டத்துத் தாய்மாரின் அச்சம் வெறும் கற்பனையன்று என்பதையும் காட்டிற்று.

தீர்ப்புக்குப் பின் எதிர்ப்பும் பணியும் மாறி மாறி நடந்தன. 2022 ஏப்ரலில் தர்மபுரி மாவட்டத்தில் தம் நிலத்தில் குழாய்ப் பணி நெருங்கிய வேதனையில் ஒரு விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டார். ஊரார் அவர் உடலோடு சாலையில் அமர்ந்தனர். அந்தக் குடும்பத்துக்கு நம் இரக்கம் உரியது. அதேவேளையில், வாசகர்களே, எந்த நிலமும் ஓர் உயிருக்கு ஈடாகாது என்பதை நம் வீடுகளில் உரக்கச் சொல்லவேண்டும். துயரத்தைத் தனியே சுமக்கிறவனைத்தான் அது கீழே தள்ளுகிறது. கூடி நிற்பதன் முதற்பயன், இப்படி ஒருவன் தனித்து விடப்படாமல் காப்பதே.

தோல்விதானா?

நீதிமன்றத்தில் தோற்ற போராட்டத்தால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். கேரளத்தைப் பார்ப்போம். அங்கும் கோழிக்கோடு மாவட்டத்து முக்கம் பகுதியில் 2017 நவம்பரில் மக்கள் திரண்டனர். அதன்பின் அந்த அரசு நட்டஈட்டை உயர்த்திற்று. கொச்சியிலிருந்து மங்களூருக்குப் போகும் குழாய் முடிந்து 2021 சனவரி 5-இல் நாட்டுக்கு அர்ப்பணமாயிற்று. குழாயும் போயிற்று, நிலக்காரருக்கும் முன்னைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. மக்கள் பேசாதிருந்தால் அந்தக் கூடுதல் கிடைத்திருக்குமா?

தமிழகத்தில் கிடைத்த பயன் வேறுவிதமானது. இருகூரிலிருந்து பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனகொந்திக்கு வேறொரு பொதுத்துறை நிறுவனம் எண்ணெய்க் குழாய் கொண்டுபோகத் திட்டமிட்டபோது, முதல் நாளிலிருந்தே குடியானவர் விழித்துக்கொண்டனர். சாலையோரமாகப் போகட்டும் என்ற கோரிக்கை ஆயத்தமாக இருந்தது. அதைக் கேட்கும் சங்கமும் ஆயத்தமாக இருந்தது. சூளகிரி வட்டாரத்து உத்தனப்பள்ளியில் 2023-இல் புதிய தொழிற்பேட்டைக்காகச் சுமார் 3,000 ஏக்கர் நிலம் கேட்கப்பட்டபோதும் அவ்வாறே. ஊரார் நாட்கணக்கில் அமர்ந்து போராடினர். முன்பு ஆள் வந்து கல் நட்ட பிறகு அழுதவர்கள், பிறகு காகிதம் வந்த அன்றே கூடக் கற்றுக்கொண்டனர்.

இவ்விடத்தில் நாம் எல்லாரும் அறிந்த ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. நாபோத்து என்பவனுக்கு அரண்மனையை ஒட்டி ஒரு திராட்சைத் தோட்டம். ஆகாபு அரசன் அதை விரும்பினான். அவன் கொடியவன் என்று நாம் நினைக்கிறோம்; ஆனால் முதலில் அவன் கேட்டது முறையாகத்தான். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றான். முன்னோர் விட்ட சொத்தைத் தரமாட்டேன் என்று நாபோத்து மறுத்தான். அதன்பின் நடந்ததை நாம் அறிவோம். இராணியின் கடிதம் ஊர்ப் பெரியவர்களுக்குப் போயிற்று. பொய்ச் சாட்சிகள் நின்றனர். நாபோத்து கல்லெறியுண்டு மாண்டான்.

இவ்வரலாற்றைப் படிக்கும்போது நாம் அரசனையும் இராணியையும் ஏசுகிறோம். அந்த ஊர்ப் பெரியவர்களைக் கவனிப்பதில்லை. கடிதத்தை வாங்கிப் படித்து, எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல், சொன்னபடி செய்தவர்கள் அவர்களே. நாபோத்தின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டக்காரர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. நாபோத்து நேர்மையாளன், ஆனால் தனியன். ஊர் அவனோடு நின்றிருந்தால் அந்தக் கடிதம் அவ்வளவு எளிதாக நிறைவேறியிராது. ஏழு மாவட்டத்துக் குடியானவர்கள் வழக்கில் தோற்றார்கள். ஆனால் அவர்களுள் எவரையும் நாபோத்தைப்போல் தனியே நிறுத்தி வைக்க முடியவில்லை.

நம் வீடுகளுக்குச் சில வார்த்தைகள்

எலத்தகிரி, கந்திகுப்பம் முதலிய ஊர்களிலும், ஓசூரின் புதுக் குடியிருப்புகளிலும் வாழும் நம் குடும்பங்கள் பல, ஒருபுறம் நிலமும் மறுபுறம் ஆலை வேலையும் உடையவை. அவர்களுக்குச் சில சொற்கள்.

வீட்டுக்கு வரும் அரசாங்கக் காகிதத்தைப் படிக்காமல் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள். 21 நாள் என்றால் 21 நாளே. இருபத்திரண்டாம் நாள் கண்ணீருக்குச் சட்டத்தில் இடமில்லை. படித்த பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பட்டாவும் வரைபடமும் சரியாயிருக்கின்றனவா என்று பார்க்கட்டும். கிராமசபை கூடும் நாட்களில் போய் உட்காருங்கள். அங்கே எழுதப்படும் தீர்மானம் பின்னாளில் உங்கள் சாட்சியாக நிற்கும்.

கூடும்போது பெரிய நிலக்காரர்கள் மட்டும் கூடினால் போதாது. ஒரு ஏக்கர்க்காரரும், குத்தகைக்கு உழுபவரும், கணவனை இழந்து பிள்ளைகளோடு நிலத்தைக் காப்பவளும் முதல் வரிசையில் அமரவேண்டும். முன்னே கண்ட கணக்கின்படி அதிகம் இழப்பவர்கள் அவர்களே. சங்கத்தின் வரவுசெலவைச் சுவரில் ஒட்டுங்கள். பிறரிடம் நியாயம் கேட்கிறவர்கள் தம்முள் நியாயமாக நடப்பது முறை. கல்லும் தடியும் எடுக்காதீர்கள். எடுத்த அன்றே உங்கள் நியாயம் உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சம்பளமும் போனஸும் யாரோ ஒருவர் தனியே போய்க் கேட்டு வாங்கியவை அல்ல. தொழிலாளர் சேர்ந்து கேட்டதால் வந்தவை. உங்கள் தகப்பனார் நிலத்துக்காகச் சங்கத்தில் சேரும்போது, ‘அப்பாவுக்கு ஏன் இந்த வம்பு?’ என்று சொல்லாதீர்கள். ஆலை வாசலில் நீங்கள் கற்ற பாடத்தைத்தான் அவர் கொல்லை மேட்டில் கற்றுக்கொள்கிறார். உங்கள் ஆலைக்கு எரிவாயு வேண்டியிருக்கலாம். அது உங்கள் வீட்டு மரத்தைச் சாய்த்துத்தான் வரவேண்டுமா, சாலையோரமாகச் சுற்றி வரலாமா என்று கேட்கும் உரிமை உங்கள் இருவருக்கும் உண்டு.

நிறுவனங்களை நடத்துகிறவர்களிலும் நம் வாசகர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். வரைபடத்தில் கோடு இழுப்பதற்குமுன் ஒருமுறை அந்த வழியே நடந்துபாருங்கள். கோடு எந்தக் கிணற்றின்மேல் விழுகிறது, எந்தக் கல்லறையை ஒட்டிப் போகிறது, யார் வீட்டு முற்றத்தைப் பிளக்கிறது என்று பாருங்கள். நிலத்துக்குரியவனைக் கேட்டபின் இழுக்கும் கோடு சற்று வளைந்து போகலாம். செலவும் சற்றுக் கூடலாம். ஆனால் அந்தக் கோட்டைக் காக்கப் போலீசு வேண்டியிராது.

கிருஷ்ணகிரியில் வைகாசி, ஆனி மாதங்களில் சந்தைக்கு வரும் மாம்பழத்தை நாம் எல்லாரும் வாங்கி உண்கிறோம். அடுத்த முறை வாங்கும்போது, அந்த மரத்தை நட்டவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே நம்மை எண்ணி நட்டார் என்பதை நினைத்துக்கொள்வோம். அதே நம்பிக்கையோடு அவர் மகன் இன்னொரு கன்றை நட அந்த நிலத்தில் இடம் இருக்கவேண்டும். அதற்காக அவர்கள் கூடும்போது, நாமும் அவர்களோடு ஒருவராய் நிற்போம்.